நம்பிச் சொன்ன மூன்று பேரின் பெயரை மேலதிகாரி கேட்கிறார்

கடிதம் எழுதிய வாசகிக்கு 34 வயது. சமூகவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். காட்டை ஒட்டிய ஊர்களில் வனவிலங்கு மேலாண்மைப் பணி செய்யும் ஓர் அமைப்பில் இரண்டு ஆண்டுகளாகச் சமூக ஆய்வாளராக இருக்கிறார். ஆய்வுப் பிரிவில் அவரைத் தவிர எல்லோரும் உயிரியல் படித்தவர்கள். அடையாளம் தெரியாமலிருக்க ஊர், அமைப்பு, ஆட்கள் பற்றிய விவரங்களை நீக்கிவிட்டு அவர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன்.

கடந்த ஆண்டு ஐந்து ஊர்களில் 60 பேரிடம் நீண்ட நேர்காணல் எடுத்திருக்கிறார். ஆடு மாடுகளைச் சிறுத்தை அடித்துச் செல்வது, விளைந்து நிற்கும் பயிரைக் காட்டுப்பன்றி உழுது போடுவது, இரவெல்லாம் காவல் கிடப்பது என்று எல்லாவற்றையும் மக்கள் மனம்விட்டுப் பேசியிருக்கிறார்கள். அவர்களில் மூன்று பேர், பன்றிக்காகக் கம்பிச் சுருக்கு வைப்பதாகவும், ஒருமுறை அதில் சிறுத்தை மாட்டி இறந்ததாகவும் சொல்லியிருக்கிறார்கள். முடிவுகளைக் கூட்டத்தில் வைத்தபோது மூத்த உயிரியலாளர் ஒருவர், "இதெல்லாம் கதை. தரவு எங்கே?" என்று கேட்டிருக்கிறார். கூட்டம் முடிந்ததும் மேலதிகாரி தனியாக அழைத்து, சுருக்கு வைத்தவர்கள் யார் என்று கேட்டிருக்கிறார். அதோடு புதிய வேலையும் ஒன்று வந்திருக்கிறது. பாதுகாக்கப்பட்ட பகுதியை ஊர்களின் மேய்ச்சல் நிலம்வரை விரிவாக்கும் திட்டத்துக்கு மக்கள் ஆதரவு இருப்பதாகக் காட்டும் சர்வேயை இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும்; கூடவே விழிப்புணர்வுக் கூட்டங்களும் நடத்த வேண்டும்.

அவர் கேட்பது மூன்று: பெயர் கொடுக்காமல் இருப்பது அமைப்புக்குச் செய்யும் துரோகமா? புள்ளியியல் படித்துக்கொண்டால் என்னை மதிப்பார்களா? இந்த வேலையை விட்டுவிடலாமா?

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பெயர் கேட்ட விஷயத்தை நான்கே வரியில் எழுதிவிட்டு, மீதிப் பக்கங்களையெல்லாம் அந்தக் கூட்டத்தில் பட்ட அவமானத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் வருத்தம் புரிகிறது. இந்தத் துறையில் 22 ஆண்டுகள் இருந்தவள் நான். 'கதை' என்ற சொல்லை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன். ஆனால் பதிலில் வரிசையை மாற்றிக்கொள்கிறேன். அவமானம் காத்திருக்கலாம், பெயர் விஷயம் காத்திருக்காது.

முதலில் அந்த மூன்று பெயர்கள்

பெயர்களைக் கொடுக்காதீர்கள். இது துரோகமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ரகசியம் காப்பேன் என்று நீங்கள் கொடுத்த வாக்கு உங்கள் சொந்த வாக்கு மட்டும் இல்லையே. அமைப்பின் பெயர் அச்சிட்ட ஒப்புதல் படிவத்தில்தான் அந்த வாக்கு இருக்கிறது. அமைப்பும் சேர்ந்து கொடுத்த வாக்கை அமைப்பே மீறும்போது அதைச் சுட்டிக்காட்டுவது உங்கள் வேலையின் பகுதி.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது, அதை உடனே திருத்த வேண்டும். "படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன், இனிச் சட்டப்படி யாரும் என்னிடம் கேட்க முடியாது" என்கிறீர்கள். அப்படி இல்லை. வழக்கறிஞருக்கும் மருத்துவருக்கும் பல நாடுகளில் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு, ஆய்வாளர்களுக்குப் பெரும்பாலான இடங்களில் கிடையாது. நீதிமன்றம் கேட்டால் ஒப்புதல் படிவம் கேடயமாக நிற்கும் என்று நம்ப முடியாது.

ரிக் ஸ்கார்ஸ் என்பவரின் கதையை நம் துறையில் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் ஆய்வு மாணவராக இருந்தவர். அங்கே ஒரு விலங்கு ஆய்வகத்தில் விலங்கு உரிமை இயக்கத்தினர் புகுந்து சேதம் செய்தார்கள். அந்த இயக்கத்தினரோடு ஆய்வுக்காகப் பேசியவர் என்பதால் இவரைச் சாட்சி சொல்ல அழைத்தார்கள். ரகசியம் காப்பதாக வாக்களித்துப் பேசியதைச் சொல்ல மாட்டேன் என்று மறுத்தார். நீதிமன்ற அவமதிப்பு என்று 1993இல் 159 நாள் சிறையில் வைத்தார்கள். அவர் எந்தக் குற்றமும் செய்ததாக யாரும் சொல்லவில்லை. பிறகு அதே மனிதர் சால்மன் மீன்களை ஆராயும் உயிரியலாளர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதையே சமூகவியலாக ஆராய்ந்தார். நம் துறைக்கு அவ்வளவு நெருக்கமானவர்.

இன்னொன்று, நம் துறைக்கு வெளியே நடந்தது. பாஸ்டன் கல்லூரி, வட அயர்லாந்து மோதலில் பங்கெடுத்தவர்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்தது. பேசியவர் உயிரோடு இருக்கும்வரை வெளியே வராது என்ற நம்பிக்கையில் பலர் பேசினார்கள். 2011இல் பிரிட்டன் கேட்டுக்கொண்டதன் பேரில் அமெரிக்க அரசு அந்த ஒலிநாடாக்களைக் கேட்டு நீதிமன்றம் போனது. கடைசியில் சில நேர்காணல்கள் காவல்துறை கைக்குப் போயின.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உங்களிடம் இப்போது கேட்டிருப்பது மேலதிகாரி, அதுவும் வாய்மொழியாக. அது நீதிமன்ற ஆணை ஆகாது. இரண்டுக்கும் வேறு வேறு பதில். மேலதிகாரியிடம், "இதை எழுத்தில் கேளுங்கள், நெறிமுறைக் குழுவின் கருத்தோடு பதில் சொல்கிறேன்" என்று பணிவாகச் சொல்லுங்கள். எழுத்தில் கேட்கச் சொன்னதுமே பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். ஆய்வுக்கு ஒப்புதல் கொடுத்த நெறிமுறைக் குழுவுக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதி நடந்ததைப் பதிவு செய்யுங்கள். அமைப்போடு சம்பந்தமில்லாத வழக்கறிஞர் ஒருவரை இந்த வாரமே பாருங்கள். குற்றம் நடந்தது தெரிந்தால் சொல்லியே ஆக வேண்டும் என்ற கடமை எந்தெந்தப் பணியில் இருப்பவர்களுக்கு உண்டு என்பது நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் பணி நியமனம் அதற்குள் வருகிறதா என்பதைத்தான் அவரிடம் முதலில் கேட்க வேண்டும்.

அப்புறம் ஒன்று, தயவுசெய்து கவனியுங்கள். பதற்றத்தில் களக்குறிப்பையும் ஒலிப்பதிவையும் அழித்துவிடாதீர்கள். ஆய்வுத் திட்டத்தில் முன்பே எழுதியபடி பெயர்களை நீக்குவது ஒன்று. சட்டபூர்வமாக நோட்டீஸ் வந்தபிறகு அழிப்பது முற்றிலும் வேறு. அது உங்களையே குற்றவாளி ஆக்கிவிடலாம். எதை எப்போது நீக்கலாம் என்பதையும் அந்த வழக்கறிஞரிடமே கேளுங்கள். அதுவரை பெயர்ப்பட்டியலும் நேர்காணல் எழுத்துப்படியும் ஒரே கணினியில், ஒரே கோப்புறையில் இருக்கக் கூடாது. அலுவலகத்தில் பொதுவாகப் பயன்படுத்தும் சர்வரில் இருந்தால், அங்கே வைப்பது நீங்கள் கொடுத்த வாக்குக்கு ஒத்துவராது என்பதையும் அந்த நெறிமுறைக் குழுக் கடிதத்திலேயே எழுதுங்கள்.

மேலதிகாரியை வில்லனாகப் பார்க்காதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். ஒரு சிறுத்தை இடுப்பில் கம்பி இறுகி, நாள்கணக்கில் துடித்துச் செத்ததைப் பார்த்தவர் அவராக இருக்கலாம். அவருக்கு வேண்டியது மூன்று பெயரா, சுருக்கு நிற்பதா? இரண்டாவதுதான் என்றால் நீங்கள் கொடுக்க நிறைய இருக்கிறது. சுருக்கு சிறுத்தைக்காக வைக்கப்படவில்லை, பன்றிக்காக வைக்கப்படுகிறது. அறுவடைக்கு முந்தைய வாரங்களில்தான் வைக்கிறார்கள். காவலுக்கு ஆளில்லாத வீட்டுக்காரர்கள்தான் வைக்கிறார்கள். பன்றிச் சேதத்துக்குப் போட்ட மனுக்களுக்குப் பதிலே வருவதில்லை. இவையெல்லாம் உங்கள் கடிதத்திலேயே அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. ஐந்து ஊருக்கும் பொதுவாக, ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். மூன்று பேரைப் பிடித்தால் மூன்று பேர் பிடிபடுவார்கள். நான்காவது ஆள் உங்களிடம் பேச மாட்டார், சுருக்கும் நிற்காது. இதை மேலதிகாரியிடம் நேராகவே சொல்லலாம்.

'ஐந்து ஊருக்கும் பொதுவாக' என்று நான் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஆரம்ப வருடங்களில் ஓர் அறிக்கையில் பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டு, ஒரு வரைபடம் மட்டும் போட்டேன். கணவரை இழந்த, ஆடு வளர்க்கும் ஒரு பெண்மணி சொன்னது என்று மேற்கோள் ஒன்றும் சேர்த்தேன். ஒன்பதே வீடு உள்ள குடியிருப்பு அது. ஆடு வளர்க்கும், கணவர் இல்லாத பெண் அங்கே ஒருவர்தான். இரண்டு வாரத்தில் அவர் வீட்டுக்குச் சீருடையில் ஆட்கள் போய் விசாரித்தார்கள். பெயர் நீக்கியதும் கடமை முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். அந்த அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, ஆனால் அதன்பிறகு என்னிடம் காட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை. வயது, தொழில், வீடு இருக்கும் திசை, வளர்க்கும் விலங்கு என்று சின்னச் சின்ன விவரம் சேர்ந்து ஒரு ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் அறிக்கையை வெளியே விடுவதற்கு முன் அந்தக் கண்ணோடு ஒருமுறை படியுங்கள்.

'கதை' என்றவருக்குப் பதில்

இங்கே உங்களுக்குக் கொஞ்சம் கசப்பாக ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் முன்வைப்பில் "70 சதவீத மக்கள் சிறுத்தையை வெறுக்கிறார்கள்" என்று ஒரு வரி இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் காட்டிய இன்னொருவர், அவர் காட்டிய வேறொருவர் என்று போய் எடுத்த 60 நேர்காணலிலிருந்து மக்கள்தொகை பற்றிய சதவீதம் சொல்ல முடியாது. அந்த ஒரு வரிக்கு உயிரியலாளர் தரவு எங்கே என்று கேட்டிருந்தால், அவர் கேட்டது சரி. அந்த வரியை எடுத்துவிடுங்கள். உங்கள் 60 நேர்காணல்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாது. ஏன், எப்படி, எந்த நேரத்தில், யார் வீட்டில் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லும். அதற்கு அவை போதுமானவை. அந்த இடத்தில் தலை நிமிர்ந்து நில்லுங்கள்.

புள்ளியியல் படித்தால் மதிப்பார்களா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. படியுங்கள், நல்லதுதான். மாதிரி எடுப்பு, பதில் சொல்லாமல் விட்டவர்கள் யார் என்று பார்ப்பது, இவையெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் மரியாதை வாங்குவதற்காகப் படித்தால் நேர்காணல் என்ற உங்கள் பலத்தை நீங்களே கைவிட்டுவிடுவீர்கள்.

உகாண்டாவில் கிபாலே தேசியப் பூங்காவை ஒட்டிய வயல்களில் லிசா நாட்டன்-ட்ரீவ்ஸ் செய்த ஆய்வு 1998இல் வெளிவந்தது. அவர் வயல்களில் நடந்த சேதத்தை அளந்தார், விவசாயிகளிடமும் பேசினார். யானை வந்தால் பேரழிவு. ஆனால் அது அபூர்வமாக, சில இடங்களில் மட்டுமே வந்தது. அடிக்கடி வந்தவை பபூன் குரங்கு, காட்டுப்பன்றி போன்றவை. ஊர்க் கால்நடைகளும் கணிசமாக மேய்ந்தன. அவற்றைப் பற்றி மக்கள் பெரிதாகக் குறை சொல்லவில்லை, காரணம், மாட்டுக்காரரிடம் போய் ஈடு கேட்கலாம். காட்டு விலங்குக்கு அப்படிக் கேட்க ஒரு ஆள் இல்லை. சேதத்தை மட்டும் அளந்திருந்தால் மக்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்று எழுதிவிட்டுப் போயிருப்போம். மக்களிடம் மட்டும் பேசியிருந்தால் யானைதான் எல்லாவற்றையும் தின்கிறது என்று எழுதியிருப்போம். இரண்டையும் சேர்த்துப் பார்த்ததால்தான், எந்தச் சேதத்துக்கு யார் பதில் சொல்வார்கள் என்பது கோபத்தைத் தீர்மானிக்கிறது என்று புரிந்தது. உங்கள் கூட்டத்தில் அடுத்த முறை இந்த உதாரணத்தைச் சொல்லுங்கள். எந்த நல்ல உயிரியலாளருக்கும் இது உறைக்கும்.

நேர்காணல் மட்டுமே காட்டக்கூடிய விஷயங்களும் உண்டு. உத்தரகாண்டில் மோனிகா ஓக்ரா 2008இல் வெளியிட்ட ஆய்வு, காட்டு விலங்கால் பெண்கள் சுமக்கும் மறைவான பாரங்களைக் காட்டியது. வேலைச்சுமை கூடுவதும் உணவு குறைவதும் எந்தச் சேதப் பட்டியலிலும் வராது. அண்மையில், 2024இல், கார்பெட் புலிகள் காப்பகத்தைச் சுற்றி நடந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. திரிஷாந்த் சிம்லாய் 14 மாதம் தங்கி 270 பேரிடம் பேசியிருக்கிறார். விலங்குகளுக்காக வைத்த தானியங்கி கேமராவில் காட்டுக்குள் போகும் பெண்கள் பதிவானார்கள். கேமரா இருக்கிறதே என்று பெண்கள் சத்தமாகப் பேசுவதையும் பாடுவதையும் குறைத்துக்கொண்டார்கள். அந்தச் சத்தம்தான் புலியோடும் யானையோடும் திடீரென்று முகத்துக்கு முகம் மோதாமல் அவர்களைக் காத்துவந்தது. கேமராவில் எத்தனை படம் விழுந்தது என்று எண்ணுகிறவருக்கு இது தெரியவே தெரியாது. பெண்களோடு உட்கார்ந்து பேசியவருக்குத்தான் தெரியும்.

எண்ணே வேண்டும் என்று கேட்கிறார்களா, சரி, அதற்கும் ஆட்களைக் காட்டிக்கொடுக்காத வழி இருக்கிறது. சுருக்கு வைப்பது போன்ற சட்டவிரோதச் செயலை நேரடியாகக் கேட்டால் உண்மை வராது. ஸ்டான்லி வார்னர் 1965இலேயே இதற்கு ஓர் உத்தி சொன்னார். அதன் எளிய வடிவம் இது: பதில் சொல்பவர் உங்களுக்குக் காட்டாமல் ஒரு பகடையை உருட்டுவார். 1 விழுந்தால் 'ஆம்' என்று சொல்ல வேண்டும், 6 விழுந்தால் 'இல்லை' என்று சொல்ல வேண்டும், மற்ற எண்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். 120 பேரில் 40 பேர் 'ஆம்' என்கிறார்கள் என்று வையுங்கள். சுமார் 20 பேர் பகடை சொன்னதால் 'ஆம்' என்றவர்கள். உண்மையைச் சொன்ன 80 பேரில் மீதி 20 பேர், அதாவது நான்கில் ஒருவர் சுருக்கு வைக்கிறார். எந்த 'ஆம்' உண்மை, எது பகடை என்று உங்களுக்கே தெரியாது. யார் வந்து கேட்டாலும் உங்களிடம் கொடுக்கப் பெயர் இருக்காது. தென்னாப்பிரிக்காவில் பண்ணைக்காரர்கள் கொன்றுண்ணிகளைக் கொல்வதைப் பற்றிய ஆய்வில் இந்த வகை உத்தியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நிறையப் பேரிடம் கேட்க வேண்டும், விதியை நிதானமாக விளக்க வேண்டும். அந்தச் செலவு இதில் உண்டு. முதலிலேயே இப்படித் தொடங்கியிருந்தால் இன்று உங்களுக்கு இந்த நெருக்கடி இருந்திருக்காது.

மக்கள் ஆதரவு என்ற சர்வே

எனக்கு அதிகம் கவலை தருவது இதுதான். முடிவை முதலில் எழுதிவிட்டுக் கேள்வியைப் பின்னால் தயாரிக்கச் சொல்கிறார்கள். 'வனவிலங்கைக் காப்பாற்றுவது முக்கியம் என்று நினைக்கிறீர்களா?' என்று கேட்டால் எல்லோரும் ஆமென்பார்கள். 'உங்கள் மேய்ச்சல் நிலத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியில் சேர்க்கலாமா?' என்று கேட்டால்தான் விஷயம் வெளிவரும். முதல் கேள்வியின் பதிலை இரண்டாவதற்குப் பதிலாகக் காட்டும் அறிக்கையில் உங்கள் பெயர் இருக்கக் கூடாது.

அதைவிட முக்கியமானது ஒன்று. சர்வே என்பது கருத்து, ஒப்புதல் ஆகாது. 80 சதவீதம் பேர் ஆதரவு என்று வந்தாலும் மீதி 20 சதவீதம் பேர்தான் அந்த நிலத்தில் ஆடு மேய்ப்பவர்களாக இருக்கலாம். 2007ஆம் ஆண்டின் ஐ.நா. பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனம், சுதந்திரமான, முன்கூட்டிய, விவரம் அறிந்த ஒப்புதல் என்று பேசுகிறது. அந்த மக்கள் கூடி, தங்களுக்குள் விவாதித்து, வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்போடு கொடுக்கும் ஒப்புதல் அது. உங்கள் ஊர்களில் யாருக்கு என்ன நில உரிமை இருக்கிறது, உங்கள் நாட்டுச் சட்டம் எந்தக் கலந்தாய்வைக் கட்டாயமாக்குகிறது என்று முதலில் பாருங்கள். அப்படி ஒரு கடமை இருந்தால், உங்கள் சர்வே அதற்கு மாற்றாகப் பயன்படுத்தப்படாது என்று எழுத்தில் வாங்குங்கள்.

அமெரிக்காவின் கொலராடோவில் ஓநாய்களை மீண்டும் கொண்டுவரலாமா என்று 2020இல் மக்கள் வாக்கெடுப்பே நடந்தது. 51 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவான வாக்குகளில் நிறைவேறியது. ஆதரவு பெரும்பாலும் நகரங்களிலிருந்து வந்தது. ஓநாய்கள் வந்து வாழப்போகும் மேற்குப் பகுதியின் பெரும்பாலான மாவட்டங்கள் எதிர்த்து வாக்களித்தன. 2023 டிசம்பரில் முதல் ஓநாய்களைத் திறந்துவிட்டார்கள், ஆனால் கால்நடை வளர்ப்பவர்களோடு சச்சரவு ஓயவில்லை. யார் 'ஆம்' என்றார்கள், யார் தலையில் சுமை விழுகிறது என்று பிரித்துக் காட்டாத சதவீதத்தால் களத்தில் பயன் இல்லை.

விழிப்புணர்வுக் கூட்டம் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரியையும் திருத்த விரும்புகிறேன்: "சிறுத்தையைப் பற்றிச் சரியாகத் தெரிந்தால் மக்கள் மாறிவிடுவார்கள்." சிறுத்தையைப் பற்றி அந்த ஊர் மக்களுக்கு உங்களையும் என்னையும்விட நிறையத் தெரியும். குறைவது அறிவு இல்லை. எதிர்ப்புக்குக் காரணம், தங்களைக் கேட்காமல் முடிவெடுத்தார்கள் என்பதாக இருக்கலாம். பழைய வழக்காக இருக்கலாம். வராத இழப்பீடாக இருக்கலாம். இழப்பீடு கொடுத்தால் மட்டும் மனம் மாறிவிடும் என்றும் எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் பற்றி 2003இல் வெளிவந்த ஆய்வில், ஓநாய் அடித்த கால்நடைக்கு ஈடு வாங்கியவர்கள், வாங்காதவர்களைவிட ஓநாயை அதிகமாகப் பொறுத்துக்கொள்ளவில்லை. இழப்பீடு நியாயம் என்பதால் கொடுக்க வேண்டும். அதை மன மாற்றத்துக்கான விலையாகக் கணக்கிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஆராய்வதும் பிரசாரம் செய்வதும் ஒரே ஆள் கையில் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. காலையில் கூட்டம் போட்டு விரிவாக்கம் நல்லது என்று பேசிவிட்டு, மாலையில் கேள்வித்தாளோடு அதே வீட்டுக்குப் போனால் உங்களுக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார்கள். விழிப்புணர்வை வேறு ஆளிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

சர்வேயைச் செய்ய ஒப்புக்கொள்வதென்றால், தொடங்கும் முன் இவற்றை எழுத்தில் பேசி முடியுங்கள்:

- கேள்விகளின் இறுதி வடிவத்தை நீங்கள் தீர்மானிப்பீர்கள்.
- முடிவு எதுவாக இருந்தாலும் முழுமையாக வெளியிடப்படும், ஊர்களிலும் சொல்லப்படும்.
- நிலத்தைப் பயன்படுத்துபவர், பயன்படுத்தாதவர், ஆண், பெண் என்று பதில்கள் பிரித்துக் காட்டப்படும்.
- தனி ஆள் தரவு உங்களையும் நெறிமுறைக் குழுவையும் தவிர வேறு யாரிடமும் போகாது.

இரண்டு மாதம் போதாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். அறுவடைக் காலத்தில் வீட்டில் ஆள் இருக்க மாட்டார்கள். இருப்பவர்களை மட்டும் கேட்டால் காவலுக்குப் போனவர்கள் விட்டுப்போவார்கள். உங்கள் ஆய்வுக்கு அதிகம் தேவைப்படுபவர்கள் அவர்கள்தான்.

வேலையை விடலாமா?

இப்போதைக்கு வேண்டாம் என்பேன். முதல் காரணம் நடைமுறை சார்ந்தது. நீங்கள் கிளம்பினால் களக்குறிப்பும் ஒலிப்பதிவும் அமைப்பிடம் தங்கிவிடும். பணி ஒப்பந்தத்தில் தரவு யாருக்குச் சொந்தம் என்ற பிரிவை எடுத்துப் படியுங்கள். அமைப்புக்குச் சொந்தம் என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அந்த மூன்று பேரைக் காப்பாற்ற வேண்டும் என்று ராஜினாமா செய்து, அவர்கள் பெயருள்ள கோப்பை மேசையில் விட்டுவிட்டு வரும் நிலை ஏற்படக் கூடாது. போவதென்றாலும் அந்த விஷயத்தை முடித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

இரண்டாவது, காற்று உங்கள் பக்கம் கொஞ்சம் திரும்பியிருக்கிறது. வனவிலங்கும் மனிதரும் சார்ந்த ஆய்வுக்கென்றே தனி ஆய்விதழ் ஒன்று 1996இலிருந்து வருகிறது. உயிரியலாளர்களின் சங்கமான பாதுகாப்பு உயிரியல் சங்கத்தில் சமூக அறிவியலுக்குத் தனிக் குழு 2003இல் வந்தது. 2022இல் கனடாவின் மாண்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்புக்கொண்ட குன்மிங்-மாண்ட்ரியல் பல்லுயிர்த் திட்டத்தின் 4ஆவது இலக்கு, மனித-வனவிலங்கு மோதலைக் குறைத்துச் சேர்ந்து வாழ்வதைப் பேசுகிறது. 2023இல் இயற்கைப் பாதுகாப்புக்கான உலக அமைப்பான ஐ.யூ.சி.என். வெளியிட்ட வழிகாட்டி, மோதலை மனிதர்களுக்கிடையிலான பிரச்சினையாகவும் பார்க்கச் சொல்கிறது. உங்கள் மேலதிகாரி உங்கள் பேச்சைக் கேட்காவிட்டாலும் இவற்றைக் கேட்க வாய்ப்புண்டு. அறிக்கையின் முதல் பக்கத்தில் இவற்றைக் குறிப்பிடுங்கள்.

பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் தேடுவது இன்னொரு வழி. வெளியிடும் சுதந்திரம் அங்கே அதிகம், ஆனால் முடிவெடுக்கும் மேசையிலிருந்து தூரம் அதிகம். நல்ல ஆய்வுக் கட்டுரை எழுதிவிட்டு, அதை யாரும் படிக்காமல் வேலி போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். உள்ளே இருந்துகொண்டே வெளியே ஒரு பேராசிரியரோடு கூட்டாய்வு செய்வதுதான் உங்கள் வயதில் எனக்கு உதவியது. தரவை இரண்டு நிறுவனங்களின் நெறிமுறைக் குழுக்கள் பார்க்கும்போது தனியாக அழைத்துப் பெயர் கேட்பது அவ்வளவு சுலபமில்லை.

ஆனால் ஒரு எல்லையை இன்றே மனதில் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்தில் மறுத்தபிறகும் பெயர் கொடுக்கச் சொல்லி மிரட்டினாலோ, உங்கள் சர்வே முடிவைத் திருத்தி உங்கள் பெயரில் வெளியிட்டாலோ, வழக்கறிஞரைக் கேட்டுத் தரவைப் பத்திரப்படுத்திவிட்டு வெளியேறுங்கள். அதுவரையான எல்லா உரையாடலையும் தேதியோடு குறித்து வையுங்கள்.

தூக்கம் வரவில்லை, அந்த நேர்காணல்களே காதில் கேட்கின்றன என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். 60 வீட்டு இழப்பை ஒரே வருடத்தில் கேட்டிருக்கிறீர்கள். அதை இறக்கிவைக்க உங்களுக்கும் ஒரு ஆள் வேண்டும். பேச்சு தொழில்முறை ஆலோசகரிடமோ, ரகசியம் காக்கத் தெரிந்த சக ஆய்வாளரிடமோ இருக்கட்டும். வீட்டிலும் அலுவலகத்திலும் பெயர் சொல்லிப் பேச முடியாத விஷயங்கள் இவை.

கடைசியாக, எச்சரிக்கை செய்வதற்காக அந்த மூன்று பேர் வீட்டுக்கும் இப்போது தனித்தனியாகப் போகாதீர்கள். உங்கள் வண்டி எந்த வாசலில் நிற்கிறது என்று பார்த்தே யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடி மக்கள் 2017இல் ஆய்வாளர்களுக்கென்று ஒரு நெறிமுறை வெளியிட்டார்கள். வந்து கேட்டு எழுதிக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்து எதுவும் சொல்லவில்லை என்பது அவர்களின் பழைய மனக்குறை. அந்தக் கடன் உங்களுக்கும் இருக்கிறது. ஐந்து ஊரிலும் கூட்டம் போட்டு நீங்கள் கண்டதைப் பொதுவாகச் சொல்லுங்கள். ரகசியம் பற்றி நீங்கள் கொடுத்த வாக்குக்கு எது வரை பலம் உண்டு, எதற்கு மேல் இல்லை என்பதையும் எல்லோர் முன்னாலும் ஒரே மாதிரி சொல்லுங்கள். கேட்க வேண்டிய மூன்று பேரும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். நேர்காணல் நோட்டுகளை அன்றைக்கு எடுத்துப்போக வேண்டாம்.